உண்டியல் முதல் பிட்கொயின் வரை: முகமும் தடமும்

வவுனியா பட்டாணிச்சூரிலோ முல்லைத்தீவு தண்ணீரூற்றிலோ உள்ள ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இஷாத் தொழுகை முடிந்து வந்த வாப்பா சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். கத்தாரில் வேலை பார்க்கும் மூத்த மகனிடமிருந்து அழைப்பு வருகிறது.

“வாப்பா, இந்த மாசம் காசை பேங்கில போடல்ல. கூட்டாளி ஒருத்தர் டொலர் கொயினா அனுப்பித் தாறாராம். தம்பியிட போனுக்கு வரும். அவன் அத வித்து ரூபாவா எடுக்கலாம். கமிஷனும் குறைவு. யாருக்கும் தெரியவும் வராது.”

வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்படியில் நின்ற உம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்கிறார்: “யாருக்கும் தெரியாம வாற காசு, தெரியாமலே போயிட்டா யாருக்கிட்டப் போய்க் கேக்கிறது?”

இது ஒரு கற்பனை வீடுதான். ஆனால் வெளிநாட்டுப் பணத்தை நம்பி வாழும் வன்னிக் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் இந்தக் கேள்வி இன்று வந்து நிற்கிறது. படித்தவர்களே தடுமாறும் விஷயத்தில் அந்த உம்மாவின் கேள்வி ஆணி வேரைத் தொட்டு விடுகிறது.

உண்டியலுக்கு ஒரு முகம் இருந்தது

வன்னி மக்களுக்கு உண்டியல் புதிதல்ல. 1990களில் வன்னிப் பெருநிலத்தில் தொலைபேசி வசதி பெரும்பாலும் இருக்கவில்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்கே பாதைத் தடைகளைத் தாண்டி வவுனியாவுக்கு வந்து, தொலைபேசி நிலையத்தில் காத்துக் கிடந்த தாய்மார் பலர். ஏ9 வீதி 2002இல் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. பாதை மூடினாலும் வயிறு மூடுமா? டொரொண்டோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் கொடுத்த பணம், உண்டியல்காரர் மூலம் வன்னிக்குள் வந்து சேர்ந்தது.

அது எப்படி நடந்தது? அங்கே ஒருவர் டொலரை வாங்கிக் கொள்வார். இங்கே அவருடைய கூட்டாளி ரூபாவை எண்ணிக் கொடுப்பார். டொலர் கடல் தாண்டி வருவதில்லை. இருவரும் வியாபாரச் சரக்கிலோ வேறு கொடுக்கல் வாங்கலிலோ பிறகு கணக்கைத் தீர்த்துக் கொள்வார்கள். அரபு நாடுகளில் இதையே ஹவாலா என்கிறார்கள். இஸ்லாமியச் சட்ட நூல்களில் ஹவாலா என்பது ஒருவர் மீதுள்ள கடன் பொறுப்பை இன்னொருவர் மீது மாற்றுவதைக் குறிக்கும் பழைய சொல்.

இந்த முறையில் பற்றுச்சீட்டு இல்லை. அரசாங்கத்துக்குக் கணக்கும் இல்லை. நாட்டுக்கு இதனால் வந்த நட்டத்தை 2022இல் எல்லோரும் பார்த்தோம். வங்கியில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா கொடுத்தபோது வெளியில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பணம் வெளி வழியில் திரும்பியது. 2020இல் சுமார் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல் 2022இல் சுமார் 3.8 பில்லியனாக இறங்கியது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்றது.

இருந்தாலும் உண்டியலுக்கு ஒரு முகம் இருந்தது. பணம் வராவிட்டால் கடைக்குப் போகலாம். இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்று தெரியும். ஊர்ப் பெரியவர்களிடமோ பள்ளி நிர்வாகத்திடமோ முறையிடலாம். தடம் இல்லை, முகம் இருந்தது.

புதிய உண்டியலில் என்ன நடக்கிறது?

பிட்கொயின் 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. சத்தோஷி நகமொட்டோ என்ற புனைபெயரில் அதை உருவாக்கியவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. இதற்கு மத்திய வங்கி கிடையாது. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் பிரதிகளை வைத்திருக்கின்றன. ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்பினால் அது அந்தப் பேரேட்டில் ஒரு வரியாக ஏறும். ஏறிய வரியை அழிக்க முடியாது.

பலர் நினைப்பது போல இந்தப் பேரேடு இரகசியமானது அல்ல. இணைய வசதியுள்ள எவரும் திறந்து பார்க்கலாம். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். இல்லாதது ஒன்றுதான்: ஆளின் பெயர். பெயருக்குப் பதிலாக எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட கோவை ஒன்றே முகவரியாக நிற்கும்.

ஓர் உதாரணம் சொல்லலாம். ஊர்ச் சந்தையில் எல்லோரும் முகமூடி போட்டுக் கொண்டு வியாபாரம் செய்கிறார்கள். ஆனால் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது சந்தை வாசலில் பெரிய பலகையில் அழியாத மையில் எழுதப்படுகிறது. ஒருவருடைய முகமூடி ஒரே ஒரு தடவை கழன்றால் போதும். அந்த முகமூடியோடு அவர் முன்பு செய்தது, இனிச் செய்யப் போவது எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து விடும்.

முகமூடி எப்படிக் கழலும்? கொயினை ரூபாவாகவோ டொலராகவோ மாற்ற ஒரு பரிமாற்று நிறுவனத்துக்குப் போக வேண்டும். பெரிய நிறுவனங்கள் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ கேட்கின்றன. அந்த இடத்தில் முகவரிக்குப் பெயர் கிடைத்து விடுகிறது. ஒரே கொடுப்பனவில் பல முகவரிகளின் பணத்தைச் சேர்த்துச் செலவழித்தால், அவையெல்லாம் ஒருவருடையவை என்று ஊகிக்கலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் இத்தகைய வழிகளால் முகவரிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் காட்டலாம் என்பதை 2013இலேயே வெளியிட்டார்கள். இன்று அதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன.

தடத்தை மறைப்பதற்கென்றே உருவானவையும் உண்டு. மொனேரோ என்ற நாணயம் அனுப்புபவர், பெறுபவர், தொகை ஆகிய மூன்றையும் மறைக்கிறது. அதனாலேயே பெரிய பரிமாற்று நிறுவனங்கள் சில அதைக் கைவிட்டன. பைனான்ஸ் 2024 பெப்ரவரியில் நீக்கியது. மகன் சொன்ன ‘டொலர் கொயின்’களில் பரவலாகப் புழங்கும் டெதரின் கதையோ வேறு. அது பொதுப் பேரேட்டில் ஓடுகிறது. அதை வெளியிடும் நிறுவனம் தான் விரும்பிய முகவரியை முடக்கவும் முடியும். ஆகவே ‘யாருக்கும் தெரிய வராது’ என்பது சரியான பேச்சல்ல.

தடம் தெரிந்தால் காசு வருமா?

இங்கேதான் நமது மக்கள் கவனிக்க வேண்டிய இடம். தடம் இருக்கிறது என்பது வேறு. அந்தத் தடத்தைப் பிடித்துக் கொண்டு போய்ப் பணத்தை மீட்க நமக்கு ஆள் இருக்கிறதா என்பது வேறு.

2016 ஓகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் என்ற பரிமாற்று நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 120,000 பிட்கொயின் திருடப்பட்டது. திருடிய பணம் ஆயிரக்கணக்கான சிறு கொடுப்பனவுகளாக உடைக்கப்பட்டு எங்கெங்கோ அலைந்தது. பேரேட்டின் ஒவ்வொரு வரியாகத் தொடர்ந்த அமெரிக்க விசாரணையாளர்கள், 2022 பெப்ரவரியில் நியூயோர்க்கில் ஒரு தம்பதியைக் கைது செய்து 94,000க்கும் மேற்பட்ட பிட்கொயினைக் கைப்பற்றினார்கள். அன்றைய பெறுமதி சுமார் 3.6 பில்லியன் டொலர். அந்தப் பணத்தின் ஒரு துளியைக் கொண்டு வாங்கிய கடைப் பரிசு அட்டைகூட விசாரணைக்குத் தடயமானது.

ஐந்தரை ஆண்டுகள், ஒரு வல்லரசின் விசாரணைப் படை, பில்லியன் கணக்கில் பணம்! கிளிநொச்சியில் ஒரு பிள்ளை இரண்டு இலட்சம் ரூபாவை இழந்தால் அவனுக்காக இத்தனையும் திரளுமா? பலகையில் அவனுடைய பணம் போன வழி எழுதப்பட்டிருக்கும். அவனே தினமும் அதைப் பார்க்கலாம். பார்த்துக் கொண்டு அழலாம். தடம் இருக்கும்; முகம் இருக்காது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கொயினை விற்கும் தம்பி, வாங்குபவனை நேரில் காண்பதில்லை. அவனுடைய வங்கிக் கணக்குக்கு ரூபா வந்து விழுகிறது. அது எங்கோ ஒரு பெண்ணை ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால்? அவள் பொலிஸுக்குப் போவாள். பொலிஸார் வங்கிப் பதிவைப் பார்த்துத் தம்பியின் வீட்டுக்கு வருவார்கள். கொயினோடு மறைந்தவன் மறைந்தே இருப்பான். அடையாள அட்டையோடு அகப்படுபவன் நம்முடைய பிள்ளை.

வன்னியின் நகைகள் சொல்லும் பாடம்

பதிவு என்றால் என்ன என்பதை வன்னியை விட அதிகம் அனுபவித்த மண் எது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் வீடு, காணி, உடைமைகளை விட்டுப் புறப்பட்டார்கள். போர் முடிந்து திரும்பி வந்தவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும்தான். பெட்டியின் அடியில் ஒரு துண்டுக் கடதாசியைக் காப்பாற்றியவருக்கும் காப்பாற்றாதவருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அவர்களுடைய அயலவர்களான வன்னித் தமிழ் மக்களுக்கும் இதே பாடம் வேறு வடிவில் கிடைத்தது. புலிகள் 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் மக்கள் நகைகளை அடகு வைத்திருந்தார்கள். 2009இல் போர் முடிந்தபோது இராணுவம் அங்கு கண்டெடுத்த நகைகளை எடுத்துச் சென்றது. உரிமையாளர் என அடையாளம் காணப்பட்டவர்களுக்கு ஒரு பகுதி 2014இல் கிளிநொச்சியில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தன்னிடமிருந்த எஞ்சிய நகைகளை இராணுவம் 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. ஒரு சோடி காப்புக்காக ஒரு தாய் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்! பொருள் இருந்தும், ‘இது இன்னாருடையது’ என்று நிரூபிக்க முடியாவிட்டால் அது நம்முடையது ஆகாது.

மறைப்பது குற்றமா?

அன்புள்ள வாசகர்களே, தன் வரவு செலவை மறைத்து வைப்பவர் எல்லோரும் குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது என்று தெரிந்தால் வம்பு வரும் என அஞ்சி வாழ்ந்த காலம் வன்னிக்கு இருந்தது. கணவனை இழந்த ஒரு பெண் தனக்கு வரும் உதவியை ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது.

அதே குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282ஆம் வசனமோ, தவணைக் கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் கட்டளையிடுகிறது. இரண்டும் முரண்படவில்லை. ஊருக்கு மறைவாக இருக்கட்டும். உரியவர்களுக்கு எழுத்தில் இருக்கட்டும். கிரிப்டோ இதைத் தலைகீழாக்குகிறது. தொகையை உலகத்துக்குக் காட்டுகிறது. பொறுப்பாளியைப் பாதிக்கப்பட்டவருக்கு மறைக்கிறது.

சட்டத்தின் நிலை

இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மெய்நிகர் நாணயம் பற்றி மக்களை எச்சரித்தது. அவற்றுக்குத் தான் அனுமதி வழங்கவில்லை என்றும், வங்கி அட்டைகளை அத்தகைய கொடுப்பனவுகளுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை என்றும் அறிவித்தது. கிரிப்டோ பெயரில் இலாபம் தருவதாக ஆள் சேர்த்த ‘ஸ்போர்ட்ஸ் செயின்’, ‘ஒன்மெக்ஸ் டிரி’ ஆகியவற்றைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் 2023இல் சேர்த்தது.

வங்கியில் பணம் வந்தால் கேள்வி கேட்பார்கள் என்று பயப்படுவோரும் உண்டு. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 10 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கல்கள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கையிடப்படுகின்றன. உழைத்து அனுப்பிய சம்பளத்துக்குச் சம்பளச் சீட்டு இருக்கும்போது இதில் அஞ்ச என்ன இருக்கிறது?

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பிள்ளைகளின் வங்கிக் கணக்கையோ அடையாள அட்டையையோ, ‘கொஞ்சம் காசு வந்து போகும்’ என்று கேட்பவருக்குக் கொடுக்க விடாதீர்கள்.

2. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள்.

3. யாராவது ஏற்கனவே கொயின் வைத்திருந்தால் அதை வீட்டாருக்கு மறைக்க வேண்டாம். அதைத் திறக்கும் 12 அல்லது 24 இரகசியச் சொற்கள் அவரோடு மையித்தாகிப் போனால், கடனை அடைக்கவும் முடியாது. வாரிசுகளுக்குப் பங்கு வைக்கவும் முடியாது. அந்தச் சொற்களை வெளியாருக்குச் சொல்வதோ அதைவிட ஆபத்து.

4. ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். அனுப்பிய முகவரி, கொடுப்பனவு இலக்கம், திகதி, உரையாடல்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். அழியாத தடம் நமக்கு உதவக்கூடிய ஒரே இடம் அதுதான்.

உண்டியல்காரரின் முகம் தெரிந்தது, தடம் தெரியவில்லை. கிரிப்டோவில் தடம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. பாலைவன வெயிலில் வியர்வை சிந்தி உழைத்த ஹலாலான காசுக்கு இரண்டும் வேண்டும்.

ஆகவே மகனிடமிருந்து அடுத்த அழைப்பு வரும்போது வாப்பா தொலைபேசியை உம்மாவின் கையில் கொடுத்து விடட்டும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும் வழியிலேயே காசு வீட்டுக்கு வந்து சேரட்டும்.