ஊர்காண் நடை

ஒரு நகரை அறிந்துகொள்ளப் பல வழிகள் உள்ளன. வரைபடம் அதன் பரப்பைக் காட்டும். வரலாற்று நூல் அதன் வயதைக் கூறும். பேருந்துப் பயணம் அதன் தொலைவுகளை உணர்த்தும். ஆனால், பழஞ்சுவர் ஒன்றை எழுப்பிய கொத்தனாரின் கைத்திறனையும் அதன் விரிசலில் துளிர்த்திருக்கும் அரசங்கன்றையும் ஒருசேரக் காண்பதற்கு நடந்துதான் செல்லவேண்டும். நெடுந்தொலைவு தனித்து நடந்து, கட்டடங்களையும் இயற்கையையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் எத்தகைய அறிவைத் தருகிறது? அவ்வறிவால் நகருக்கு என்ன பயன்? சென்னை மாநகரைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காணலாம்.

கோவலன் கண்ட மதுரை

நகரை நடந்து காண்பது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘ஊர்காண் காதை’ என்றே ஒரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் நகர்ப்புறத்தே விட்டுவிட்டு, கோவலன் தனியே மதுரைக்குள் செல்கிறான். மணிகள் விற்கும் தெரு, பொற்கடைத் தெரு, ஆடைகள் விற்கும் அறுவை வீதி, தானியங்கள் குவிந்த கூல வீதி எனச் சுற்றி வருகிறான். வெயில் நுழையாதவாறு கொடிகள் பந்தலிட்ட நிழலில் அவன் நடந்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார்.

அக்காதையில் தெருவைக் குறிக்கும் சொற்களே பலவாக உள்ளன. மூன்று தெருக்கள் கூடுமிடம் அந்தி, நான்கு தெருக்கள் கூடுமிடம் சதுக்கம், வழிகள் கிளைக்குமிடம் கவலை, குறுந்தெரு மறுகு. இத்தனை வேறுபாடுகளுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது, அன்றைய மக்கள் தம் நகரை நடந்து அறிந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

தனித்து நடத்தல்

மனிதர் இயல்பாக மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீட்டர் தொலைவு நடப்பர். ஒன்றைக் கண்டு, அதனைப் பற்றி மனத்துள் வினா எழுப்பி, வேண்டுமெனில் திரும்பி வந்து மீண்டும் காண இவ்வேகம் இடமளிக்கிறது. உடன் ஒருவர் வந்தால் உரையாடல் இனிமை தரும். ஆயினும் கவனம் பேச்சின்பால் சென்றுவிடும். தனித்து நடப்பவர் ஒரு சாளரத்தின் முன் பத்து நிமிடம் நின்றாலும் எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

சாளரத்தைப் பழந்தமிழர் ‘காலதர்’ என்றனர். ‘கால்’ என்பது காற்று; ‘அதர்’ என்பது வழி. கட்டடத்தின் ஓர் உறுப்பு இயற்கையின் பெயரால் வழங்கப்பெற்றது. கட்டடக்கலையையும் இயற்கையையும் இணைத்துக் காணவேண்டும் என்பதற்கு இச்சொல்லே போதிய சான்றாகும்.

பாரிமுனை முதல் மயிலாப்பூர் வரை

சென்னையில் பாரிமுனையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக மயிலாப்பூர்க் கோயில்வரை ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவு இருக்கும். விடியற்காலையில் புறப்படுபவர், நின்று நின்று பார்த்துச் சென்றாலும் முற்பகலுக்குள் சென்றடையலாம்.

தொடக்கத்திலேயே செங்கல் நிறத்தில் உயர்நீதிமன்றம் தோன்றுகிறது. 1892இல் திறக்கப்பட்ட இக்கட்டடம் இந்தோ சாரசனிக் பாணியில் அமைந்தது. இதன் உயர்ந்த கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. அண்ணாந்து பார்ப்பவருக்கே இக்கட்டடம் கடலையும் நோக்கியிருந்தது என்பது விளங்கும்.

தெற்கே சென்று, கூவம் கடலோடு கலக்குமிடத்தில் நேப்பியர் பாலத்தைக் கடந்தால், பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் வரவேற்கிறது. இராபர்ட் சிஷோம் வடிவமைப்பில் 1874க்கும் 1879க்கும் இடையில் இது கட்டப்பெற்றது. அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் அழகுக்காக மட்டும் அமைக்கப்பட்டவை அல்ல. தாழ்வாரம் வெயிலைச் சுவரில் படாமல் தடுக்கிறது. சூடான காற்று மேலெழுவதற்குக் கூரையின் உயரம் உதவுகிறது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் கடற்காற்று கரைநோக்கி வீசும். மின்விசிறி பரவுவதற்கு முன்னர் எழுந்த கட்டடங்களில் வெப்பத்தைத் தணித்தவை இத்தகைய அமைப்புகளே.

எதிரே விரியும் மெரினா மணற்பரப்பும் ஒருவகையில் கட்டுமானத்தின் விளைவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், அலைகள் சாலைக்கு மிக அருகில் வந்தன. கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணலைச் சுமந்து செல்கிறது. துறைமுகச் சுவர்கள் அதனைத் தடுத்ததால் தென்புறம் மணல் சேர்ந்து கடற்கரை அகன்றது. வடபுறமோ கடலரிப்புக்கு உள்ளானது. மெரினாவில் காலில் படும் மணல், வடசென்னை மீனவர் ஊர்களின் இழப்பையும் நினைவூட்டுகிறது.

இன்னும் சற்றுத் தொலைவில் வளைந்த முகப்புடன் விவேகானந்தர் இல்லம் நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பெற்றது இது. 1897இல் விவேகானந்தர் இங்குத் தங்கினார்.

மயிலாப்பூரில் கோயிலின் தலமரம் புன்னை. புன்னை நெய்தல் நிலத்துக்குரிய மரம். உப்புக்காற்றைத் தாங்கி வளர்வது. கடைத்தெருவின் நெரிசலில் கடல் கண்ணுக்குத் தெரியாமற் போனாலும், இது கடற்கரை ஊர் என்பதை அம்மரம் உணர்த்துகிறது. சுற்றியுள்ள தெருக்களில் திண்ணையுடன் கூடிய வீடுகள் சில எஞ்சியுள்ளன. வீட்டுக்காரரின் இடமாக இருந்தும் வழிப்போக்கருக்கு இருக்கையானது திண்ணை. நடப்பவரை எண்ணிக் கட்டப்பட்ட அவ்வுறுப்பு மறைந்து, மதிற்சுவர்கள் எழுந்துவிட்டன.

கட்டடத்தில் வாழும் உயிர்கள்

கட்டடங்களில் மனிதர் மட்டும் வாழ்வதில்லை. மாடப்புறாவின் முன்னோர் பாறை இடுக்குகளில் கூடு கட்டியவை. நகரத்து மாடங்களையும் அவை பாறைகளாகவே கொண்டன. பெயரிலும் மாடம் ஒட்டிக்கொண்டது. உழவாரன் குருவி பழைய வளைவுகளின் அடியில் கூடமைக்கிறது. பறவைகள் தின்ற அரசம்பழத்தின் விதை, எச்சத்தோடு சுவர் இடுக்கில் விழுந்து முளைக்கிறது. நூலிழை போன்ற வேர் ஈரத்தைத் தேடிச் சுண்ணாம்புக் காரைக்குள் நுழைகிறது. பருத்தபின் செங்கற்களையே பிளக்கிறது. கன்று இரண்டு இலையோடு நிற்கும்போது கண்டு சொல்பவர் ஒருவர் இருந்தால் வேறிடத்தில் நட்டுவிடலாம்; மரமும் பிழைக்கும், சுவரும் பிழைக்கும்.

காண்பதும் காப்பதும்

பார்த்தவற்றைப் பதிவு செய்தோரால் சென்னை பெற்ற பயன் பெரிது. மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும்வரை நாளிதழ் ஒன்றில் தொடர்ந்து இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். தொலைதூரக் காடுகளைப் போலவே வீட்டருகே வாழும் காகத்தையும் அணிலையும் அவர் பொருட்படுத்தி எழுதினார். சென்னையின் தெருக்களையும் கட்டடங்களையும் பற்றிப் பல்லாண்டுகள் எழுதியவர் எஸ். முத்தையா.

கடற்கரைச் சாலையிலுள்ள காவல்துறைத் தலைமை அலுவலகக் கட்டடம் 1839இல் கட்டப்பட்டது. 1990களில் அதனை இடித்துப் புதிய கட்டடம் எழுப்பும் திட்டம் உருவானது. பாரம்பரியக் காப்பு ஆர்வலர்கள் நீதிமன்றத்தை நாடினர். கட்டடம் தப்பியது, சீரமைக்கப்பட்டு, மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் அருமையை அறிந்தோர் இருந்தமையால் அது இன்றும் நிற்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னை எண்ணற்ற மரங்களை இழந்தது. பெயரறியாத மரம் விழுந்தால், ‘ஒரு மரம் விழுந்தது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனைப் பூவரசு என்றும், அதில் எப்பறவை கூடு கட்டியிருந்தது என்றும் அறிந்தவரால்தான் அவ்விடத்தில் எதனை மீண்டும் நடவேண்டும் என்று கூறமுடியும்.

தனித்து நடக்கும் வாய்ப்பு அனைவருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. பெண்களும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அச்சமின்றி நடக்கத் தடையற்ற நடைபாதையும் தெருவிளக்கும் வேண்டும். நடப்போர் பெருகும்போதே இக்குறைகளைச் சுட்டும் குரல்களும் பெருகும்.

இதற்குச் சென்னைதான் வேண்டும் என்பதில்லை. தன் வீட்டிலிருந்து பள்ளிவரை நடக்கும் மாணவர், வழியிலுள்ள மரங்களின் பெயர்களையும் பழைய வீடுகளின் கூரை, தூண், சாளர அமைப்புகளையும் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கலாம். சில ஆண்டுகளுக்குப் பின் அவற்றுள் ஒன்று இல்லாமற் போகக்கூடும். அன்று, அங்கே இருந்தது இன்னது என்று உறுதியாகச் சொல்வதற்கு அக்குறிப்பேடு இருக்கும்.