அறுபதாம் மணமும் ஓர் ஐரோப்பிய நகரமும்

பழமையான ஐரோப்பிய நகரம் ஒன்றை ஒருமுறையேனும் கண்டுவிட வேண்டும் என்னும் ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. கல் பாவிய தெருக்கள், கோட்டைகள், மணிக்கூண்டுகள், தேவாலயங்கள் எனப் படங்களைப் பார்த்துப் பார்த்தே மனத்தில் ஓர் ஊரைக் கட்டி வைத்திருப்போம். எங்கள் மூத்த அண்ணனும் அவ்வாறு ஓர் ஊரைக் கட்டி வைத்திருந்தவர். அதற்கென்றே தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மாதந்தோறும் தவறாமல் செலுத்தி வந்தார். கணக்கு முதிர்வடைந்த ஆண்டில் அவருடைய மகள் செவிலியர் படிப்பை முடித்தாள்; ஜெர்மனியில் பணிபுரிய விரும்பி, திருவனந்தபுரத்தில் ஜெர்மன் மொழி கற்கச் சேர்ந்தாள். பயணத்துக்கென வைத்த தொகை வகுப்புக்கும் விடுதிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் சென்றது. அண்ணன் அதைக் குறித்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. முதல் தேர்வில் அவள் தேறவில்லை. இனி எழுதப்போவதில்லை என்று வீடு திரும்பியபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஒற்றசேகரமங்கலம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும், நெய்யாற்றங்கரை கேரளத்துக்கும் உரியனவாயின. வீட்டுக்குள் தமிழும் வீதியில் மலையாளமுமாக வாழ்பவர்கள் நாங்கள். ஐரோப்பியர் கதையும் எங்களுக்குப் புதிதன்று. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனியின் படைத்தலைவர் டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, 1777-இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவரது கல்லறையில் லத்தீன் மொழியுடன் தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதை இளமையிலேயே கண்டிருக்கிறோம். ஆனால், அது ஒரு கோட்டை, ஒரு கல்லறை. ஐரோப்பியர் வகுத்த நகரம் ஒன்றை அதன் வாயில், தெரு, ஆலயம், அரண் ஆகியவற்றோடு காண வேண்டுமெனில் தரங்கம்பாடிக்குச் செல்ல வேண்டும்.

வாய்ப்பு தானாக வந்தது. அண்ணனுக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூர் அபிராமி அம்மன் சந்நிதியில் மணிவிழா நடத்துவதென முடிவாயிற்று. அங்கிருந்து தரங்கம்பாடி சுமார் 8 கிலோமீட்டர்தான். நாகர்கோவிலில் ரயிலேறித் திருச்சியை அடைந்து, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை சென்றோம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை 1926-இல் தொடங்கிய ரயில் பாதை 1986-இல் மூடப்பட்டுவிட்டதால், இன்று பேருந்தோ வாடகைக் காரோதான் வழி. மணிவிழா முடிந்த மறுநாள் காலை, மாலையின் மணம் மாறாத அண்ணனையும் மதினியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். மகளும் உடன் வந்தாள்.

நகருக்குள் நுழையும் இடத்தில் வெண்ணிற வாயில் ஒன்று நம்மை வரவேற்கிறது. 1792-இல் மீண்டும் கட்டப்பட்டது அது. அதைக் கடந்ததும் கடல் வரை நேராகச் செல்லும் ராஜ வீதி. அகன்ற தூண்களும் உயர்ந்த சாளரங்களும் கொண்ட வீடுகள். இருபுறமும் இரண்டு பழைய ஆலயங்கள். முடிவில் கோட்டையும் வங்கக் கடலும். காலை வேளையில் இரைச்சல் இல்லை. அலையோசை தெருவின் பாதி வரை கேட்கிறது. அண்ணன் வாயிலின் கீழ் நின்று, வீதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வூரின் கதை ஒரு குத்தகையில் தொடங்குகிறது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் சார்பில் வந்த கடற்படைத் தலைவர் ஓவே கெட்டே, தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620 நவம்பர் 19-இல் உடன்படிக்கை செய்துகொண்டார். ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை. நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி மன்னருக்கு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகிறது. கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. கீழ்த்தளத்தில் கிடங்குகள், மேல்தளத்தில் ஆளுநரின் உறைவிடம். மிளகும் துணியும் இங்கிருந்தே கப்பலேறின.

வங்கியில் பணிபுரியும் நமக்கு, இக்கதையின் அடுத்த பகுதி மிகவும் பழக்கமான ஒன்று. தாய்நாட்டில் போர்களும் பொருள்முடையும் நேர, கால் நூற்றாண்டுக்கும் மேலாக டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. குத்தகை நிலுவையில் நின்றது. நாயக்கர் படை முற்றுகையிட்டது. எஸ்கில்ட் ஆண்டர்சன் என்னும் எளிய குடியில் பிறந்த தளபதி, எஞ்சிய சிலரைக் கொண்டு கோட்டையைக் காத்தார். நகரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். வங்கக் கடலில் சென்ற கப்பல்களைப் பறித்தே அதற்குப் பொருள் தேடினார் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. 1669-இல்தான் அடுத்த கப்பல் வந்தது. கோட்டைக்குள் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகத்தில் அக்கால ஆவணங்களும் பீங்கான் கலங்களும் உள்ளன. டேனியர் இங்கேயே ஈயத்திலும் செம்பிலும் காசு அடித்தவர்கள் என்பதால், காசுகளின் முன் சற்று நேரம் நின்று பார்ப்பது தகும்.

கோட்டையிலிருந்து வீதிக்குத் திரும்பினோம். சீயோன் ஆலயம் 1701-இல் திறக்கப்பட்டது. மற்றொன்றான புதிய எருசலேம் ஆலயம், 1718 என்னும் ஆண்டையும் டேனிய மன்னரின் முத்திரையையும் முகப்பில் தாங்கி நிற்கிறது. அதைக் கட்டிய சீகன்பால்கு, ஜெர்மனியிலிருந்து 1706 ஜூலை 9-இல் இங்கு வந்து இறங்கியவர். அப்போது அவருக்கு வயது 24-ஐ ஒட்டியது. திண்ணைப் பள்ளியில் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர, 1715-இல் அந்நூல் இங்கேயே அச்சாகி முடிந்தது. 36 வயதில், 1719-இல் மறைந்த அவர் இவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நாங்கள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற மகள் கேட்டாள்: "அவருக்குத் தேர்வு இல்லையே, சித்தப்பா?"

மதினி திரும்பிப் பார்த்தார். "தேர்வு இல்லாமல் என்ன? ஒவ்வொரு சொல்லையும் பிழையாகச் சொல்லும்போது சிரிப்பதற்கு ஒரு தெருவே இருந்திருக்குமே" என்றார்.

அவள் மறுமொழி சொல்லவில்லை. நாங்கள் வெளியே வந்த பிறகும் ஆலயத்துக்குள் சற்று நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

இவ்வளவு பழைய நகரம் உருக்குலையாமல் நிற்பது எவ்வாறு என்னும் வினா எழுவது இயல்பு. 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் வசம் இருந்து திரும்பிய பின், வணிகம் முன்போல் இல்லை. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் சீராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு டேனியர் ஆங்கிலேயரிடம் விற்றனர். 1861-இல் நாகப்பட்டினம் ரயில் பாதை திறந்ததும் சரக்குகள் அங்கே சென்றன. இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்கு இவ்வூருக்குச் செல்வம் வரவில்லை. அதனாலேயே பழைய தெருக்கள் பிழைத்தன. ஆனால், தானாகப் பிழைத்தவை ஓர் எல்லை வரைதான் நிற்கும். பின்னாளில் கோட்டையும் ஆளுநர் மாளிகையும் டேனிய, இந்திய ஆர்வலர்களின் கைகளால் செப்பனிடப்பட்டிராவிட்டால் நாம் காண்பது செங்கற்குவியலாக இருந்திருக்கும்.

கவனிப்பின் எல்லையை உணர, கோட்டையிலிருந்து கரையோரமாகச் சிறிது நடந்தால் போதும். டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே, மாறவர்ம குலசேகர பாண்டியர் காலத்தில், சடங்கன்பாடி எனப்பட்ட இவ்வூரில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அங்கே உள்ளது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கரையில் அடுக்கிய பாறைகள் எஞ்சியதைக் காத்து நிற்கின்றன. 2004 டிசம்பர் 26-இல் இதே கடல் இக்கரையின் மீனவர் குடியிருப்புகளில் உயிர்களையும் கொண்டு சென்றது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சிய கற்சுவரின் மீது கை வைத்து வணங்கினார். "நாம் வருவதற்குள் இவ்வளவாவது இருக்கிறதே" என்றார்.

காண விழைவோர்க்குச் சில குறிப்புகள்: ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின், மார்கழி முதல் மாசி வரை வெயில் தணிந்திருக்கும். கிழக்குக் கடற்கரை ஆதலால் விடியற்காலையே அழகு. அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை முன்னரே கேட்டறிந்து செல்லுங்கள். ஊரை நடந்தே காணலாம்; முதியவர்க்கும் அரை நாள் போதும். கடலில் இறங்குவதைத் தவிர்ப்பது நலம். ஊர்க் கடைகளில் உண்டு, உள்ளூரார் விற்பதை வாங்குங்கள். பழைய வீடுகளைப் பேணுவோர்க்கு அது ஒரு துணை.

திரும்பும் ரயிலில் திருநெல்வேலியைத் தாண்டும்போது மகள் கைப்பேசியை எடுத்து, அடுத்த தேர்வுக்கான நாளைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணன் உறங்குவதுபோல் கண்களை மூடியிருந்தார். சற்று நேரத்தில் அவருடைய கைப்பேசி ஒலித்தது. தேர்வுக் கட்டணம் கணக்கில் பற்று வைக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தி. அதை இருமுறை படித்தார். பிறகு, கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாகர்கோவில் வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்களைக் கேட்டார்.