கை உயர மறுக்கும்போது...

"தக்பீர் கட்டும்போது கையைத் தோளளவுக்குக்கூட உயர்த்த முடியவில்லை, தொழுகை கூடுமா?" என்று சகோதரிகள் சிலர் கணவர் மூலமோ பிள்ளைகள் மூலமோ கேட்டனுப்புவதுண்டு. மார்க்கத்தின் விடை இலகுவானது. கையை உயர்த்துவது சுன்னத்து. இயன்றளவு உயர்த்தினால் போதும். ஸுஜூதில் உள்ளங்கையை ஊன்ற இயலாதவருக்கும் சலுகை உண்டு. மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் இருந்தும், அதற்கும் முடியாவிட்டால் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது.

ஆனால், எத்தனை மாதமாக இப்படி என்று திருப்பிக் கேட்டால் ஆறு மாதம், எட்டு மாதம் என்று பதில் வருகிறது. தைலம் பூசினார்களாம், ஓதித் தடவினார்களாம், யாரோ ஒருவர் இழுத்து உருவியும் விட்டாராம். டாக்டரிடம் காட்டினீர்களா என்றால் மௌனம்தான். தொழுகைக்குச் சலுகை தேடும் அக்கறை, நோய்க்கு மருந்து தேடுவதிலும் வேண்டாமா? மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவிய மார்க்கமல்லவா நம்முடையது!

தோள்மூட்டு நோவு எல்லாம் ஒரே நோயல்ல. நமது பெண்களிடம் அடிக்கடி காணப்படுவது 'உறைந்த தோள்'. 1934ஆம் ஆண்டு அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ட் கொட்மன் இப்பெயரை வழங்கினார். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. முதலில் கடும் நோவு. அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. பின்னர் நோவு குறைந்து இறுக்கம் கூடும். தலை வாருவதும், முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோய் உடுப்பின் கொக்கி மாட்டுவதும் இயலாமற்போகும். மெதுவாக இளகிவர ஒன்று முதல் மூன்று வருடங்கள்வரை செல்லலாம். 40 முதல் 60 வயதுக்குட்பட்டோருக்கே இது அதிகம், அதிலும் பெண்களுக்கு. நீரிழிவு உள்ளவர்களை இது பன்மடங்கு கூடுதலாகப் பிடிக்கிறது. தைரொயிட் கோளாறும் ஒரு காரணமாகலாம். எனவே தோள் இறுகியவர் இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்ப்பது அவசியம். தோள் நோவுக்குப் போய்த்தான் தமக்குச் சீனி இருப்பதை அறிந்தவர்களும் உண்டு.

இன்னொரு வகை, மூட்டைத் தாங்கும் நான்கு தசைகளின் நாண்கள் தேய்வதாலோ கிழிவதாலோ வருவது. நிபுணர் இரண்டையும் பிரித்தறியும் முறை எளிது. முதலில் உங்களையே கையைத் தூக்கச் சொல்வார். பிறகு தாமே பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். நீங்கள் தூக்க முடியாத கை அவர் தூக்கும்போது உயர்ந்தால், குறை பெரும்பாலும் நாணில். அவர் தூக்கியும் உயராமல், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெளிப்பக்கம் திருப்பவும் முடியாவிட்டால் மூட்டு உறைந்திருக்கக்கூடும். எக்ஸ்ரே பெரும்பாலும் வேறு நோய் இல்லையென்று உறுதிசெய்யத்தான். நாண் கிழிந்ததாகச் சந்தேகித்தால் ஸ்கேன் எடுப்பார்கள். கழுத்து எலும்பில் தொடங்கி கைவிரல்வரை மரத்துப்போகும் நோவு தோளுடையதல்ல.

சில நோவுகளுக்குத் தவணை பார்த்துக் காத்திருக்கக் கூடாது. தோள் நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலும், விழுந்தபின் கை அசையாவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

மற்றவர்கள் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் பெறலாம். என்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணர், வாதநோய் நிபுணர் இருவருமே இதைப் பார்ப்பவர்கள். ராகமையில் வாதநோய்க்கும் புனர்வாழ்வுக்குமென்றே தனி அரசாங்க வைத்தியசாலை இருக்கிறது. கட்டணமில்லை, ஆனால் வரிசை உண்டு, காலையிலேயே போய்விடுங்கள். குடிக்கும் மருந்துகளையும் பழைய துண்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது, எந்த வேலை முடியவில்லை என்பதை ஒரு கடதாசியில் எழுதி வைத்தால் அங்கே தடுமாற வேண்டியதில்லை.

பல சகோதரிகளைத் தடுப்பது தூரமோ பணமோ அல்ல, 'ஆண் டாக்டர் தோளைப் பார்ப்பாரே' என்ற கூச்சம்தான். பெண் வைத்தியர் இருந்தால் அவரையே நாடவேண்டும். கிடைக்காதபோது, தேவையான இடத்தை மட்டும் திறந்து, மஹ்ரமோ நம்பிக்கையான பெண்ணோ உடனிருக்க ஆண் வைத்தியரிடம் காட்டலாம் என்பது நமது பிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். தாதியை உடன் நிற்கச் சொல்லிக் கேட்பதில் தவறேதுமில்லை. அபாயாவின் உள்ளே முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை அணிந்து சென்றால் தோளை மட்டும் விலக்கிக் காட்டலாம்.

சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான். நோவு மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், அத்தோடு இயன்மருத்துவர் காட்டித்தரும் பயிற்சிகள். குனிந்து நின்று கையை ஊசல்போல் ஆட்டுவது, சுவரில் விரல்களால் மேலேறுவது போன்றவை அவை. நாளுக்குப் பலமுறை, பொறுக்கக்கூடிய அளவுக்கு மட்டும் செய்யவேண்டும். நோகும் மூட்டை வெடுக்கென்று இழுத்து உருவுவது தீங்கு. கையை அசைக்காமல் தூளியில் தொங்கவிடுவதும் இறுக்கத்தைக் கூட்டும்.

நோவு கடுமையானால் மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போடுவார்கள். ஆரம்ப மாதங்களில் அது நல்ல பலன் தரும். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். ஊசியின்பின் சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறும், அளந்து பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் இளகாத சிலருக்கே மயக்கமருந்து கொடுத்து மூட்டை அசைத்துவிடுவதும், சிறு துவாரம் வழியாக உறையை வெட்டித் தளர்த்துவதும் தேவைப்படுகின்றன. அதன்பின்னும் பயிற்சியை அடுத்த நாளே தொடங்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் தேங்காய் துருவுவதையும் உடுப்புப் பிழிவதையும் வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் பொறுப்பேற்கவேண்டியிருக்கும். இதைக் கிளினிக் தவணைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.