ஊர் டவுனாச்சு, மாட்டை எங்கே கட்டுறது?



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் ஒரு அக்கா எழுந்து, "மாட்டுக் கடன் தவணை இந்த மாசம் கட்ட முடியாதுங்க" என்றார். மாட்டுக்கு ஒன்றும் இல்லை. பாலும் ஒழுங்காகச் சொசைட்டிக்குப் போகிறது. காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிட்ட மாட்டை மெயின் ரோட்டில் பிடித்து நகராட்சி வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆகிவிட்டது. தவணைக்கு எடுத்துவைத்த பணம் அபராதத்துக்கும் தீவனச் செலவுக்கும் போய்விட்டது.

"முப்பது வருசமா இப்படித்தானே அவுத்துவிடுறோம். இப்ப என்ன புதுச் சட்டம்?" என்று அவர் கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. சோசியல் வொர்க் படித்த எனக்கும் தெரியவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் புதிது இல்லை. ஊர்தான் மாறிவிட்டது. நம் பகுதியில் பல ஊராட்சிகளை நகராட்சியோடும் மாநகராட்சியோடும் சேர்த்துவிட்டார்கள். வீட்டுவரி ரசீது மாறியதைக் கவனித்த நாம், மாட்டுக்கான விதியும் மாறியதைக் கவனிக்கவில்லை.

கிராமத்தில் நமக்குத் தெரிந்தது பவுண்டு. அது வெள்ளைக்காரன் காலத்தில், 1871-ல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டம். அடுத்தவர் வெள்ளாமையில் மாடு மேய்ந்து சேதப்படுத்தினால், நிலத்துக்காரர் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பலாம். 7 நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அறிவிப்பும் வரும். அதற்குப் பிறகும் வராவிட்டால் ஏலம்தான். அதாவது அங்கே பிரச்சினையே பயிர் சேதம்தான்.

நகரத்தில் கணக்கு வேறு. மாடு யாருடைய பயிரையும் தொட வேண்டாம், ரோட்டில் நின்றாலே போதும், பிடிக்கலாம். நகர்ப்புறத்தில் விலங்குகளும் பறவைகளும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் வாங்கி, அதில் சொன்னபடி வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நம்மில் எத்தனை பேர் மாட்டுக்கு உரிமம் என்ற பேச்சையே கேட்டிருக்கிறோம்?

அபராதம் எல்லா ஊரிலும் ஒரே தொகை கிடையாது. அந்தந்த மன்றம் தீர்மானம் போட்டு வைக்கிறது. சென்னை மாநகராட்சியில் 2,000 ரூபாயாக இருந்ததை 2023-ல் 5,000 ஆக்கினார்கள். 2024-ல் முதல் தடவைக்கு 10,000, மறுபடி பிடிபட்டால் 15,000 என்று உயர்த்தினார்கள். அடைத்து வைக்கும் நாட்களுக்குப் பராமரிப்புச் செலவு தனி. நம் ஊரில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் எவ்வளவு, எத்தனை நாள் கெடு என்று இப்போதே நகராட்சி சுகாதாரப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட பிறகு ஓடுவதில் பிரயோசனம் இல்லை.

மாட்டைப் பிடித்துவிட்டால் முதல் வேலை சண்டை போடாமல் இருப்பது. கோபம் வரும், நியாயம்தான். ஆனால் பிடிக்கும்போது பலவந்தமாகத் தடுப்பதும், அடைத்த இடத்திலிருந்து அவிழ்த்து ஓட்டி வருவதும் தனிக் குற்றம். அபராதத்தோடு போகவேண்டியது வழக்காகிவிடும். அன்றைக்கே போங்கள். ஒவ்வொரு நாளும் செலவு ஏறும், கறவை மாடாக இருந்தால் மடி கட்டிக்கொள்ளும். ஆதார் அட்டை, கடன் பாஸ்புக், இன்சூரன்ஸ் தாள் எல்லாம் கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் காதில் போட்ட மஞ்சள் தோடு. அதில் உள்ள 12 இலக்க எண்தான் மாடு உங்களுடையது என்பதற்குச் சாட்சி. "காது புண்ணாகுது"ன்னு சிலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விழுந்துவிட்டால் கால்நடை மருந்தகத்தில் சொல்லி வேறு போட்டுக்கொள்ளுங்கள். எண்ணைக் குழு நோட்டிலும் எழுதி வையுங்கள். பணம் கட்டினால் ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். நம்ம அக்கா கட்டியதில் பாதிக்குத்தான் ரசீது கொடுத்திருக்கிறார்கள். மீதி யார் கைக்குப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

1871-ம் வருடச் சட்டப்படி பவுண்டில் அடைத்ததாக இருந்து, பிடித்ததே தப்பு என்று தோன்றினால், 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரோட்டில் படுத்திருக்கும் மாட்டின் மீது ராத்திரியில் பைக் மோதி ஆள் விழுந்தால், நம் மீதும் வழக்கு வரலாம். நாம் வளர்க்கும் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. இந்தச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இது கிராமத்துக்கும் பொருந்தும். வீட்டு நாய் கடித்தாலும் பொருந்தும். குப்பைத் தொட்டியில் மேயும் மாட்டின் வயிற்றில் பாலிதீன் பை சேர்வது உங்களுக்கே தெரியும்.

தெருநாயைப் பற்றியும் பல குழுக்களில் கேட்கிறீர்கள். அதைக் கொல்லவோ, வேறு ஊரில் கொண்டுபோய் விடவோ நமக்கு உரிமை இல்லை. நகராட்சிதான் பிடித்து, கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்த, மூர்க்கமான நாய்களைத் திரும்ப விடக்கூடாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஊசி இலவசம்.

சரி, நிலம் இல்லாதவர் மாட்டை எங்கே கட்டுவது? இதுதான் எனக்கு உறுத்துகிறது. மேய்ச்சல் புறம்போக்கில் கட்டடம் வந்துவிட்டது. ஊராட்சியாக இருந்தபோது நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாட்டுக் கொட்டகை கட்டிக்கொண்டவர்கள் உண்டு. நகராட்சி ஆனபின் அந்த வழியும் அடைபட்டது. மாட்டை வெளியே விடாதே என்று சொல்பவர்கள் கட்ட ஒரு இடமும் காட்ட வேண்டும் அல்லவா? தனி ஆளாகக் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அதனால் அந்த அக்காவின் குழுவும் பக்கத்து மூன்று குழுக்களும் சேர்ந்து, பொதுக் கொட்டகைக்கு இடம் கேட்டு வார்டு கவுன்சிலர் மூலம் மனு எழுதியிருக்கிறார்கள். அக்காவின் தவணைக்கு இரண்டு மாதம் தள்ளிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் மனுவில் கையெழுத்து வாங்குவோம். மாடு வைத்திருப்பவர்கள் காதுத் தோடு எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள்.