தங்கவயல் பாட்டுக்கு யார் பெயரில் எண்?

புது தில்லி: தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்து வைக்கும் முறையை நிர்வாகம் புகுத்தியதை எதிர்த்து 1930-ம் ஆண்டு கோலார் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. வட ஆர்க்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து சென்று சுரங்கத்தில் இறங்கிய தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், தங்களைக் கணக்கேட்டில் அடைக்கும் முயற்சிக்கு உடன்பட மறுத்தனர். அந்த ஊரின் இன்றைய தலைமுறையிலிருந்து ஓர் இசைக்குழு புறப்பட்டு, தனது பாடல் தொகுப்பையும் தனது பெயர் பொறித்த பனியனையும் பெரிய கடைகளுக்கு அனுப்ப விரும்பினால், அது முதலில் கேட்டுப் பெற வேண்டியது ஓர் எண்.

பார்கோடு எனப்படும் கறுப்புப் பட்டைகளின் கீழே அச்சிடப்படும் 13 இலக்கங்கள்தான் அந்த எண். இந்தியாவில் இதை வழங்குவது தில்லியில் உள்ள ஜி.எஸ்.ஒன் இந்தியா அமைப்பு. மத்திய வர்த்தக, தொழில் அமைச்சகமும் தொழில், வர்த்தக அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கியது இது. இங்கு பதிவு செய்தோரின் எண்கள் 890 எனத் தொடங்கும். பொருள் இந்தியாவில் தயாரானது என்பதற்கு இது அடையாளம் எனப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் எண்ணைப் பெற்றவர் எங்கு பதிவு செய்தார் என்பதை மட்டுமே அது காட்டும். பொருள் எந்த நாட்டிலும் தயாராகியிருக்கலாம். அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தையும் பொருளையும் குறிக்கும். கடைசி இலக்கம், முன்னுள்ள பன்னிரண்டும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சரிபார்ப்பதற்கானது.

ஒரே தொகுப்பு குறுந்தகடாகவும் இசைத்தட்டாகவும் வந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண் வேண்டும். பனியன் நான்கு அளவுகளில், இரண்டு நிறங்களில் இருந்தால் எட்டு எண்கள். கையில் இருபதாயிரம் ரூபாயோடு பாட்டைப் பதிவு செய்யும் குழுவுக்கு இது சிறிய செலவல்ல. ஆனால் பார்கோடு சட்டக் கட்டாயம் அல்ல. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு சட்ட அளவையியல் விதிகள் கேட்பவை தயாரிப்பாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை போன்ற விவரங்களைத்தான். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலோ, நிகழ்ச்சி முடிந்தபின் மேடையருகிலோ விற்பதற்கு எண் தேவையில்லை. தொடர் அங்காடிகளும் இணைய விற்பனைத் தளங்களும்தான் அதைக் கேட்கின்றன.

இந்த இடத்தில்தான் இடைத்தரகர்கள் நுழைகின்றனர். 2002 ஆகஸ்டுக்கு முன் அமெரிக்காவில் எண் வாங்கிய நிறுவனங்களுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. அவற்றில் சில, தம்மிடம் மிஞ்சிய எண்களைச் சில்லறையாக விற்றன. அவ்வாறு கைமாறியவை இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. பட்டைகளைக் கருவி படித்துவிடும். ஆனால் உலகப் பதிவேட்டில் தேடினால் உரிமையாளராகத் தெரிவது முன்பின் அறியாத வேறொரு நிறுவனத்தின் பெயர். பாட்டு தங்கவயலுடையது, எண் ஓஹையோவில் உள்ள எவருடையதாகவோ இருக்கலாம்.

எண்ணுக்கு என்ன அவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்போருக்கு அமெரிக்க அனுபவம் ஒன்று உண்டு. அங்கு இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் நெடுங்காலம் கடைக்காரர்கள் சொன்ன தகவலை நம்பியே தயாரிக்கப்பட்டது. 1991 மே 25 தேதியிட்ட இதழிலிருந்து பில்போர்டு பத்திரிகை பார்கோடு வழி கிடைத்த விற்பனைக் கணக்குக்கு மாறியது. கிராமிய இசையும் ராப் இசையும் மளமளவெனப் பட்டியலில் ஏறின. கறுப்பின இளைஞர்களின் என்.டபிள்யூ.ஏ. குழுவினுடைய தொகுப்பு அடுத்த மாதமே முதலிடத்தைப் பிடித்தது. மக்கள் அதற்கு முன்பும் வாங்கிக் கொண்டுதான் இருந்தனர். யாரும் சரியாக எண்ணவில்லை.

தங்கவயலுக்குச் சொந்தக் குரலில் பேசும் மரபு புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் சுமந்த பத்திரிகை அது. 1914-ல் அவர் மறைந்த பின், 1920-களில் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்தோரின் ஆதரவின்றி இது நடந்திருக்காது. பண்டிதர் முன்வைத்த 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லே, இயக்குநர் பா. இரஞ்சித் முன்னெடுப்பில் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவுக்குப் பெயரானது. அதே இயக்குநரின் 'தங்கலான்' 2024-ல் தங்கவயலின் கதையைத் திரைக்குக் கொண்டுவந்தது.

எண்ணுக்குப் பின்னால்: இன்று பாடலின் வாழ்வு பெரும்பாலும் இணையத்தில்தான். அங்கு ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இடக் குறியீடு உண்டு. பாடல்களைத் தளங்களுக்கு அனுப்பும் இணைய விநியோக நிறுவனங்கள் பலவும் இதையும் தொகுப்புக்கான எண்ணையும் தாங்களே ஒதுக்கித் தருகின்றன. வசதிதான். ஆனால் விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய ஐ.எஸ்.ஆர்.சி.யைக் குறித்து வைத்து அதையே பயன்படுத்தாவிட்டால், அதுவரை கேட்கப்பட்ட கணக்கு அறுந்து புதிய பாட்டாகத் தொடங்க நேரும்.

எண் இருந்தாலே பணம் வந்துவிடும் என்பதும் இல்லை. 2021-ல் வெளியாகி உலகமெங்கும் ஒலித்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலின் வருவாய் தனக்கும் அறிவு, தீ ஆகியோருக்கும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்தது. பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதில் அங்கு ஐயமே எழவில்லை.

பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு என்பதையும், அதை அவர்கள் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதையும் 2012-ம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் உறுதி செய்தது. பறை அடிப்பவரும் கிதார் வாசிப்பவரும் அந்த இருவருக்குள் வருவதில்லை. அவர்களது பங்கு குழுவுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. பார்கோடு விண்ணப்பத்தில் கேட்கப்படும் நிறுவனத்தின் பெயர் பல குழுக்களைத் திகைக்க வைப்பதும் இதனால்தான்: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து பாடுவதாலேயே அது சட்டத்தின் கண்ணில் நிறுவனமாகிவிடாது. 1932-ம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். இல்லையேல் ஐவரில் ஒருவர் தன் பெயரில் தொழில் நடத்துவதாகக் காட்டி எண்ணைப் பெறலாம். அப்போது தொகுப்பும் பனியனும் பதிவேட்டில் அந்த ஒருவருடையவை.