பயிலுந் தாதியின் முதல் நாட்கள்

1915 ஆம் ஆண்டு ஆனி மாத இறுதியில், இங்கிலாந்தின் பக்ஸ்ரன் என்னும் சிறு நகரத்து வைத்தியசாலை ஒன்றிற்கு 21 வயதுப் பெண்ணொருவர் பணிசெய்ய வந்து சேர்ந்தார். அவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே புலமைப்பரிசில் பெற்று இலக்கியம் பயின்றுகொண்டிருந்தவர். ஏவலாளர் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர். ஆயினும் ஒரு முட்டையை அவிக்கும் வகை அவருக்குத் தெரியாது. பாத்திரத்து நீர் கொதிக்கத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடலாம், முட்டை வெந்திருக்கும் என்றே அவர் எண்ணியிருந்தாராம். வீரா பிரிற்றன் என்னும் அப்பெண்மணி, 1933 இல் தம் இளமைக் கால வரலாற்றை நூலாக வெளியிட்டபோது, இதனையும் மறையாது எழுதினார். புத்தகம் பிடித்த கை துடைப்பத்தையும் மலசலப் பாத்திரத்தையும் பிடிக்கப் பழகிய கதை, அந்நூலிலே மிகச் சுவையான பகுதிகளுள் ஒன்று.

இவ்வாறு வந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். போர் வருமாயின் படை வைத்தியப் பகுதிக்குத் துணைநிற்பதற்கெனப் பிரித்தானியாவில் 1909 இல் தொண்டர் உதவிப் படைகள் அமைக்கப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அமைப்பும் அவற்றை நடத்தின. 1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது அவற்றில் ஏறத்தாழ 74,000 பேர் இருந்தனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். முறையான தாதியர் பயிற்சி அந்நாட்டிற்குப் புதிதன்று. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயராலே இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் 1860 இல் 15 மாணவியரோடு ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கியிருந்தது. முதலில் ஓராண்டாயிருந்த பயிற்சி, போர்க் காலத்தளவில் பெரிய வைத்தியசாலைகளிலே மூன்றாண்டாக நீண்டிருந்தது. இத்தகைய பயிற்சி பெற்றோர் நடத்திய நோயாளர் கூடங்களுக்குள்ளேதான், முதலுதவியிலும் வீட்டு நோயாளரைப் பேணுவதிலும் சில வகுப்புக்கள் கேட்டுச் சான்றிதழ் பெற்ற பெண்கள் தாதியுதவியாளராய் வந்து நுழைந்தனர். இன்றும் எந்த நாட்டில் ஒருவர் அப்பணியைப் பயிலப் புகுந்தாலும், அப்பெண்களுக்கு நேர்ந்தவற்றிற் பல அவருக்கும் நேர்கின்றன.

புதிதாக வருபவர் எதற்கு அஞ்சுகின்றார்? இரத்தத்திற்கு என்றே எவருஞ் சொல்வர். வகுப்பிலே அயல்வீட்டுச் சிறுவனின் காயமற்ற கையில் அழகாகக் கட்டுப்போட்டுப் பழகியவர்கள், உண்மையான காயத்தைக் கண்டால் மயங்கி வீழ்ந்துவிடுவோமோ என்ற கவலையோடுதான் வந்தனர். ஆனால் முதல் வாரத்தில் அவர்கள் கண்டது பெரும்பாலும் இரத்தம் அன்று, அழுக்கு. துப்பறியுங் கதைகளாலே பின்னர் உலகப் புகழ் பெற்ற அகதா கிறிஸ்ரி, தாம் பிறந்த தோர்க்கி நகரத்து மண்டபத்தில் அமைந்த போர்க்கால வைத்தியசாலையில் 1914 இல் இவ்வாறு சேர்ந்தவர். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த வேலை தேய்த்தலும் துலக்கலும். நோயாளியின் தலையணையைச் சீர்செய்து, நெற்றியைத் தடவிக்கொடுத்து, இனிய சொற் பேசுவதே தாதிப்பணி என்று கருதி விரைந்து வந்த நடுவயதுச் சீமாட்டிகள் பலர், வாந்தியைத் துடைப்பதும் மலப்பாத்திரம் ஏந்துவதும் சீழ் நாற்றத்தில் நிற்பதுமே அதிற் பெரும்பகுதி என்று கண்டதும், அவ்விடத்தை இளம் பெண்களுக்கு விட்டுச் சென்றனராம். அகதா தம் வரலாற்றில் இதனைச் சிறிது குறும்போடு சொல்கின்றார்.

இவ்வேலைகள் இழிந்தனவாகத் தோன்றலாம். ஆனால் நோயாளியின் உயிர் பெரிதும் தங்கியிருப்பது இவற்றின் மீதே. படுக்கை விரித்தலை எடுத்துக்கொள்வோம். விரிப்பிலே ஒரு மடிப்பு இருந்தால் என்ன என்று புதியவர் நினைப்பார். அசையமாட்டாது கிடக்கும் ஒருவரின் உடற்பாரம் முழுவதும் முதுகடி, குதிக்கால், முழங்கை, தோட்பட்டை ஆகிய எலும்பு முனைப்பான சில இடங்களிலே அழுந்துகின்றது. அழுந்திய இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்க, குருதி ஓட்டம் தடைப்படுகின்றது. முதலில் விரலால் அழுத்தினும் மறையாத ஒரு சிவப்பு. கவனியாது விட்டால் தோல் உரிதல். பின்னர் எலும்புவரை செல்லும் புண். விரிப்பின் மடிப்பும், உலராத சிறுநீரும், உணவுத் துணுக்குங்கூட இக்கேட்டை விரைவுபடுத்தும். ஆகையினாலேயே விரிப்பை இழுத்துச் செருகும் முறையும், இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிக் கிடத்தும் வழக்கமும் ஏற்பட்டன. வைத்தியர் நாளில் ஒருமுறையோ இருமுறையோ வந்து செல்பவர். அந்தச் சிவப்பை முதலிற் காணக்கூடியவர், உடம்பைக் கழுவித் துடைக்கின்ற உதவியாளரே. கண்டதை அவர் மூத்த தாதியிடம் சொல்லாது விட்டால், வேறு எவருங் காண்பதற்குள் அது புண்ணாகிவிடும்.

உடம்பைக் கழுவுதல் என்றோமே. பயில்வோர் பலருக்கு மெய்யான அச்சம் இங்கேதான் இருக்கின்றது. அதனை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அயலானொருவனின் உடலைத் தொடவேண்டும். தந்தை வயதொத்தவருடைய ஆடையைக் களைய வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண் பிற ஆடவரோடு தனித்திருத்தலே தகாது என்று வளர்க்கப்பட்டவர் வீரா பிரிற்றன். எங்கள் வீடுகளிலும் அத்தகைய வளர்ப்பு அறியப்படாத ஒன்றன்று. பணியில் சேரும்வரை வளர்ந்த ஆடவனின் வெற்றுடலை அவர் கண்டதேயில்லை. வெட்கத்தினால் தாம் செயலற்று நின்றுவிடக்கூடும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். நடந்தது வேறு. காயமுற்றுக் கிடந்தவர்களுடைய இயலாமையின் முன் அந்த வெட்கம் நிற்கவில்லை. ஆடவருடலைப் பற்றிய மருட்சி நீங்கிப் பரிவு பிறந்தது என்று அவர் நன்றியோடு எழுதுகின்றார். அவருடைய காதலர் றோலன்ட் லெய்ற்றன் அப்போது பிரான்சுப் போர்முனையில் இருந்தார். தாம் கழுவும் ஒவ்வொரு கையும் அவருடைய கை என்று எண்ணிக்கொண்டே பக்ஸ்ரனில் வீரா வேலை செய்தார்.

ஆனால் எல்லாருக்கும் அத்தகைய உட்டூண்டுதல் இருப்பதில்லை; இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலோருக்குக் கைகொடுப்பது முறை ஒன்றே. படுக்கையிற் கழுவுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் முகம். பின் ஒரு கை. அந்தக் கையை மட்டுமே திறந்து, கழுவி, ஈரம் போக ஒற்றி, மூடிய பின்னரே மறு கை. தூய இடத்திலிருந்து தூய்மை குறைந்த இடத்தை நோக்கியே துணி செல்ல வேண்டும். இடையில் நீரை மாற்ற வேண்டும். இவ்வரிசையை நினைவில் வைத்து வேலை செய்பவருக்கு வெட்கப்பட நேரம் இராது. ஒருபோதும் முழுதாகத் திறக்கப்படாத நோயாளிக்கும் வெட்கம் குறைகின்றது. கூச்சம் இருபுறத்தும் உண்டு என்பதைப் புதியவர் பெரும்பாலும் மறந்துவிடுவர். தன்னைக் கழுவவும் பிறர் கை வேண்டியிருக்கின்றதே என்று அவமானத்தால் முகந்திருப்பிக் கிடப்பவனுடைய துன்பம், வந்து நிற்கும் பெண்ணின் நாணத்தினும் பெரிது.

மயக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அகதா கிறிஸ்ரி முதன்முதலாகச் சத்திரசிகிச்சை ஒன்றிற்கு உடனிருந்தபோது உடல் நடுங்கத் தொடங்கிற்று. மூத்த தாதி ஒருவர் அவரை வெளியே அழைத்துச் சென்று, முதன்முறையிலே வயிற்றுச் சிகிச்சையைக் காண்பது யாருக்கும் கடினமே என்றும், ஈதர் என்னும் மயக்கமருந்தின் நாற்றமும் இதற்கு ஒரு காரணம் என்றும், நாளடைவிற் பழகிவிடும் என்றும் தேற்றினார். அவ்வாறே பழகியும்விட்டது. இத்தகைய மயக்கம் கோழைத்தனத்தின் அடையாளம் அன்று. அதிர்ச்சியூட்டுங் காட்சியைக் கண்டதும் சிலருக்கு இதயத்துடிப்பு மந்தமாகி, இரத்தக் குழாய்கள் விரிந்து, குருதி கால்களிலே தங்கிவிடுகின்றது. மூளைக்குச் செல்லும் அளவு சற்று நேரம் குறைகின்றது. வெப்பமான அறையிலே முழங்காலை விறைப்பாக நிறுத்தி நெடுநேரம் நிற்போருக்கு இது எளிதில் நேரும். வெறும் வயிற்றோடு வராதிருத்தல், காலை அசைத்து நிற்றல், கண் இருளும் குறி தோன்றியதும் மூத்தவரிடம் சொல்லி அமர்ந்து தலையைத் தாழ்த்துதல் ஆகியவற்றைப் பயிலுநர்க்கு முதல் நாளிலேயே கற்பித்துவிடுதல் நன்று. சொல்ல வெட்கப்பட்டு நின்று, கருவித் தட்டின்மீதே விழுபவரால் வரும் இடையூறு பெரிது.

தவறு செய்துவிடுவோமோ என்ற கவலை மற்றொன்று. ஒருமுறை வைத்தியருக்கு இடுக்கியொன்று வேண்டியிருந்தது. அருகில் நின்ற அகதா அதனை எடுத்து நேரே அவர் கையிற் கொடுத்தார். பின்னர் மூத்த தாதியிடம் கடுமையான ஏச்சு வாங்கினார். பயிலுபவள் அதனை மூத்த தாதியிடம் கொடுக்க, மூத்த தாதியே வைத்தியருக்கு வழங்க வேண்டுமாம். படிமுறை ஒழுங்குக்கு ஒரு பயன் உண்டு. யார் எதற்குப் பொறுப்பு என்பது அதனாலே தெளிவாகின்றது. ஆனால் இடுக்கி சுற்றிச் செல்வதால் நோயாளிக்கு என்ன நன்மை? இது வீண் பெருமை என்றே கொள்ளத்தகும். எனினும் அந்த மூத்த தாதியரின் மனக்கசப்பையும் நினைக்க வேண்டும். அவர்கள் மூன்றாண்டு உழைத்துப் பெற்ற பெயரை, சில வார வகுப்புக் கேட்டவர்கள் வந்து பங்கிட்டுக்கொண்டனர். தாதியரைப் பதிவு செய்யுஞ் சட்டம் அந்நாட்டில் 1919 இலேதான் நிறைவேறியது. போர்க் காலத்தில் அவர்களைப் பாதுகாக்க எதுவும் இருக்கவில்லை.

வீரா 1915 இன் பிற்பகுதியில் இலண்டனிலுள்ள படை வைத்தியசாலை ஒன்றிற்கு மாற்றப்பட்டார். சம்பளம் ஆண்டொன்றிற்கு 20 பவுண். பென்சிலின் வழக்கிற்கு வந்தது 1940களிலே. அக்காலத்தில் அழுகிய புண்ணை நாள்தோறும் திறந்து கழுவுவதையன்றி வேறு வழியில்லை. அங்கே எலும்பு வெளித்தெரிய அழுகியிருந்த ஒரு காலைக் கட்டும்போது உதவிநின்ற அவர் தலைசுற்றி நின்றார், ஆனால் விழவில்லை. அவ்வாண்டு மார்கழி 23 ஆந் திகதி றோலன்ட் காயத்தால் இறந்தார். அதுவரை வேலையை எளிதாக்கிவந்த நினைவே பின்னர் வேலையைத் தாங்கமுடியாததாக்கிற்று. விட்டுப் போய்விடலாம் என்றுகூட எண்ணினார். போகவில்லை. 1917 இல் பிரான்சின் எற்றாப்பிள் என்னுமிடத்தில், காயமுற்றுச் சிறைப்பட்ட ஜேர்மானியப் போர்வீரர் கிடந்த கூடத்தில் அவர் பணிசெய்தார். தம் காதலரைக் கொன்ற படையைச் சேர்ந்தவர்களின் புண்களையே கழுவினார்.

பழகிவிடும் என்று மூத்த தாதி அகதாவைத் தேற்றியதைக் கண்டோம். அப்பழக்கத்திற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. எனிட் பாக்னோல்ட் என்னும் எழுத்தாளரும் இவ்வாறு உதவியாளராயிருந்தவர். வலியாற் கதறுபவனின் குரல் சில நாளிலே காதுக்குப் பழகிவிடுவதையும், தட்டுக்களை வரிசையாக அடுக்கும் ஒழுங்கு, அடுத்த கட்டிலில் ஒருவன் அழுகின்றான் என்பதை மறக்கச் செய்வதையும் அவர் குறித்துவைத்து 1918 இல் நூலாக வெளியிட்டார். வைத்தியசாலை அவரை வேலையினின்று நீக்கிற்று.

போர் முடிந்தபின் இவ்வுதவியாளரிற் பெரும்பாலோர் வீடு திரும்பினர். குறுகிய பயிற்சியோடு பணிசெய்யும் உதவித் தாதியருக்குப் பிரித்தானியாவிலே ஒரு பெயர்ப்பட்டியல் ஏற்பட 1943 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐக்கிய அமெரிக்காவிலோ, முதியோரைப் பேணும் இல்லங்களிலே பயிற்சியற்ற உதவியாளரால் நேர்ந்த கேடுகள் பெரிதாகிய பின்னர், 1987 இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி தாதியுதவியாளர் குறைந்தது 75 மணித்தியாலம் பயிலவேண்டும். அவற்றுள் முதல் 16 மணித்தியாலப் பாடங்களை முடிக்குமுன் எந்த முதியவரையும் நேராகப் பராமரிக்கலாகாது. நோய் தொற்றாது காத்தலும், முதியவருடைய உரிமைகளும், அவரோடு பேசும் வகையும் அப்பாடங்களில் அடங்கும். முடிவில் ஒரு சோதனை உண்டு. நாடி பார்த்தல், புரட்டிக் கிடத்தல், கழுவுதல் முதலியவற்றைச் சோதகர் முன் செய்து காட்டவேண்டும். சோதகர் கையிலுள்ள தாளில், கதவைத் தட்டினாரா, தம் பெயரைச் சொன்னாரா, செய்யப்போவது இன்னதென்று தொடுமுன் சொன்னாரா, திரையை இழுத்து மூடினாரா என்பவையும் எழுதப்பட்டிருக்கும்.