கூலியும் அரிசியும்

இராயபுரத்தை அடுத்துள்ள துறைமுகத்தில் பர்மா அரிசி மூட்டை மூட்டையாக இறங்கிய காலம் ஒன்றிருந்தது. முதல் உலகப்போரின் இறுதியாண்டான 1918இல் சென்னையில் அரிசி விலை கடுமையாக ஏறியது. அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செப்டம்பரில் நகரின் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலன்று. விலையேற்றத்துக்கு ஈடாகக் கூலி உயரவில்லை. அக்கூலிக்குக் கிடைத்த அரிசியோ குறைந்துகொண்டே வந்தது. கையில் பெறும் தொகையைப் பணக்கூலி என்றும், அது வாங்கித் தரும் பொருளின் அளவை உண்மைக்கூலி என்றும் பொருளியல் வேறுபடுத்துகிறது.

அப்படியானால் ஓர் அரசாணையால் விலையை நிறுத்திவிட முடியாதா? முடியும், கடையின் விலைப்பலகையில் மட்டும்! கட்டுப்படியாகாத விலையில் விற்க விரும்பாத வணிகர் சரக்கைப் பதுக்குவார், கள்ளச்சந்தை பிறக்கும். 1973இல் அமெரிக்காவில் கோழி விலைக்கு உச்சவரம்பு இருக்க, தீவன விலை ஏறியது. வளர்ப்பதால் நட்டமே என்று கண்ட பண்ணையாளர் சிலர் குஞ்சுகளையே கொன்றனர்.

எனவே விலைக்கட்டுப்பாட்டுக்குப் பின்னால் அரசின் கையில் சரக்கு இருந்தாக வேண்டும். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி வரத்து நின்றது. பங்கீட்டு முறை வந்தது. 1952 ஜூனில் முதலமைச்சர் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் வரும் என்று அஞ்சியோர் இருந்தனர். பதுங்கியிருந்த நெல்லோ சந்தைக்கு வந்தது. 1967இல் அண்ணாவின் அரசு வேறு வழியை நாடியது. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கி, அதனால் ஏற்பட்ட இழப்பைத் தானே ஏற்றது. சுமை பெரிதாயினும், வணிகரைக் கட்டாயப்படுத்துவதைவிட இது நேர்மையான வழி எனலாம்.

கூலிப் பக்கத்தில் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் துணைநின்றது. அதன்படி தமிழக அரசு வகுத்த கூலியில் அடிப்படை ஊதியத்தோடு அகவிலைப்படியும் சேரும். சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறுந்தோறும் அப்படியும் ஏறும். திருவொற்றியூர்த் தொழிற்கூடங்களில் வருகைப்பதிவேட்டில் பெயருள்ளவருக்கு இது அரண். எண்ணூர்ப் பகுதியில் ஒப்பந்தக்காரர் வழியே நாட்கூலிக்குச் செல்பவரிடம் அந்த அரண் எளிதில் வந்து சேர்வதில்லை. தமக்கு உரிய தொகை எவ்வளவு என்பதே பலருக்குத் தெரியாது.

காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளிக்கோ கூலி என்பதே இல்லை, பங்குதான். மீன் விற்ற தொகையில் டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் ஆன செலவு போக எஞ்சியதே உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பிரிகிறது. எந்தக் கூலி ஆணையும் அந்தப் பங்கைத் தொடுவதில்லை. டீசலின் விலையே அதைக் கூட்டுகிறது, குறைக்கிறது.